பாலைவனத்துச் சிற்றூருக்கு ஒரு பயண வில்லை

ராணுவ வீரர்கள் கழுத்தில் தொங்கவிடும் அடையாள வில்லையை நாம் படங்களில் பார்த்திருப்போம். ஏறத்தாழ அதே அளவில் ஓர் உலோக வில்லை. அதில் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு, கூடவே சங்கிலியில் கோத்த ஏதாவதொரு சிறு பொம்மை. இந்த வில்லை நாடு நாடாகச் சுற்றுகிறது. அதற்கு பாஸ்போர்ட் இல்லை, டிக்கெட் இல்லை, தபால் தலை ஒட்டுவதும் இல்லை. முன்பின் தெரியாத மனிதர்கள் கைக்குக் கை மாற்றிக் கொண்டுபோகிறார்கள். ஜியோகேச்சிங் என்னும் விளையாட்டில் இதற்கு டிராவல் பக் என்று பெயர்.

இறந்துபோன தந்தையின் நினைவாக, குணமடைந்த குழந்தைக்காக, பிறந்த ஊருக்காக என்று பல காரணங்களுக்காக இவ்வில்லைகளை அனுப்புகிறார்கள். வரைபடத்தில் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டிய பாலைவனத்துச் சிற்றூர்களுக்காகவும் அனுப்புவதுண்டு. அப்படியொரு வில்லையை நம் பிள்ளைகள் விடுமுறையில் அனுப்ப ஆசைப்பட்டால் எந்த ஊரின் பெயரில் அனுப்பலாம் என்று யோசித்தபோது, நமக்கு முதலில் தோன்றிய ஊர் தென் ஆஸ்திரேலியாவின் மர்ரீ. காரணத்தைச் சொல்வதற்கு முன், விளையாட்டைச் சொல்லிவிடுவோம்.

2000ஆம் ஆண்டு மே மாதம் வரை, பொதுமக்கள் கையிலிருந்த ஜிபிஎஸ் கருவிகள் வேண்டுமென்றே கொஞ்சம் தவறாக இடம் காட்டும்படி அமெரிக்க அரசு வைத்திருந்தது. நூறு மீட்டர் வரை பிசகும். கிளின்டன் ஆட்சியில் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கியதும், ஒரே இரவில் கருவிகளின் துல்லியம் பல மடங்கு கூடியது. மறுநாளே, மே 3ஆம் தேதி, டேவ் அல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் ஒரு காட்டுப் பகுதியில் கறுப்பு வாளி ஒன்றில் சில பொருட்களைப் போட்டு வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் வெளியிட்டார். 'முடிந்தால் கண்டுபிடியுங்கள்' என்பதுதான் சவால். சில நாட்களுக்குள் கண்டுபிடித்தும் விட்டார்கள். இன்று உலகெங்கும் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் இப்படி ஒளித்து வைக்கப்பட்டுள்ளன.

பெட்டியைக் கண்டுபிடித்தவர் உள்ளே இருக்கும் சிறு நோட்டில் பெயரையும் தேதியையும் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். பொம்மை, சாவிக் கொத்து போன்ற சின்னப் பொருட்கள் உள்ளே இருந்தால் ஒன்றை எடுத்து, அதற்கு ஈடான ஒன்றை வைக்கலாம். பந்தயம் கிடையாது, பணம் கட்டுவதும் கிடையாது. பெற்றோர்கள் முதலில் கேட்கும் கேள்வி இதுதான் என்பதால் சொல்லி வைக்கிறோம்.

டிராவல் பக் வில்லைக்குச் சட்டம் வேறு. அது யாருக்கும் சொந்தமாகிவிடாது. பெட்டியில் கண்டவர் அதை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் வேறொரு பெட்டியில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காக மட்டுமே. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் அது அமானிதம். எடுத்ததையும் வைத்ததையும் வில்லையின் குறியீட்டைக் கொண்டு இணையத்தில் பதிவு செய்கிறார்கள். அந்தப் பதிவுகளைக் கோத்து, வில்லை எந்தப் பெட்டியிலிருந்து எந்தப் பெட்டிக்குப் போனது, மொத்தம் எத்தனை கிலோமீட்டர் நகர்ந்தது என்று உலக வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டுகிறது அந்த இணையதளம்.

பலரும் தவறாக நினைக்கும் ஒன்று உண்டு. வில்லைக்குள் எந்தக் கருவியும் இல்லை. பேட்டரி இல்லை, சிம் இல்லை, எங்கிருக்கிறோம் என்று அது தானாகச் சொல்லாது. வெறும் தகரத் துண்டு. அதை எடுத்தவர் நேர்மையாகப் பதிவு செய்தால்தான் வரைபடத்தில் கோடு நகரும். அந்தக் கோடும் இரண்டு பெட்டிகளுக்கு இடையிலான நேர்க்கோட்டுத் தூரம்தானே தவிர, வண்டி வளைந்து வளைந்து போன பாதை அல்ல. ஆக, விளையாட்டு முழுவதும் முகம் தெரியாதவர்களின் வாக்கை நம்பி நடக்கிறது.

இந்தக் குறியீடு போய்ச் சேர்ந்த இடங்களைச் சொன்னால் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். 2013இல் விண்வெளி வீரர் ரிக் மஸ்ட்ராக்கியோ ஒரு வில்லையைச் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குக் கொண்டு போனார். 2021 பிப்ரவரியில் செவ்வாயில் இறங்கிய பெர்சிவியரன்ஸ் ஊர்தியில், ஒரு கருவியைச் சரிபார்ப்பதற்காகப் பொருத்திய தட்டிலும் இந்த விளையாட்டின் குறியீடு பொறிக்கப்பட்டுள்ளது. செவ்வாய்க்கே போனது, மர்ரீக்குப் போகாதா என்று கேட்கலாம். போகும். ஆனால் பாதைதான் கொஞ்சம் கரடுமுரடு.

மர்ரீ, அடிலெய்டு நகரிலிருந்து வடக்கே சாலை வழியாக ஏறத்தாழ 685 கி.மீ. தொலைவில் இருக்கிறது. ஊட்னடாட்டா தடம், பேர்ட்ஸ்வில் தடம் என்னும் இரண்டு மண் சாலைகள் பிரியும் இடம். பேர்ட்ஸ்வில் தடத்தில் போனால் அடுத்த ஊரான பேர்ட்ஸ்வில்லுக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். நடுவில் மண்ணும் கல்லும் மணல் மேடும்தான், ஆங்காங்கே ஒரு கால்நடைப் பண்ணை. ஊரின் மக்கள்தொகை நூறைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. நம் பக்கத்து ஒரு தெருவில் இதைவிட அதிகம் பேர் இருப்பார்கள்.

இந்த மண் அரபானா, டியேரி ஆகிய பூர்வகுடி மக்களுடையது. 1859இல் வந்த ஓர் ஆய்வுப் பயணக் குழுவில் இருந்த ஹெர்காட் என்னும் ஜெர்மானியர் இங்கே நீரூற்றுகளைக் கண்டார். அவர் பெயரால் ஊருக்கு ஹெர்காட் ஸ்பிரிங்ஸ் என்ற பெயர் நெடுநாள் வழங்கியது. முதலாம் உலகப் போரின்போது ஜெர்மன் பெயர்களையெல்லாம் அழித்தார்கள், அப்போது இந்தப் பெயரும் போயிற்று. 1880களில் ரயில் வந்தது. ரயில் நின்ற இடத்திலிருந்து ஒட்டகம் கிளம்பியது.

ஆஸ்திரேலியாவில் ஒட்டகம் இயற்கையாக இருந்த விலங்கு அல்ல. குதிரையும் மாடும் தண்ணீர் இல்லாமல் செத்து விழுந்த உள்நாட்டில் வேறு வழியில்லாமல் ஒட்டகத்தைக் கொண்டுவந்தார்கள். பர்க், வில்ஸ் என்னும் இருவரின் புகழ்பெற்ற பயணத்துக்காக 1860இல் கராச்சியிலிருந்து 24 ஒட்டகங்கள் மெல்போர்னில் வந்திறங்கின. ஆறு ஆண்டு கழித்து தாமஸ் எல்டர் என்னும் செல்வந்தர் 120க்கும் மேற்பட்ட ஒட்டகங்களையும், அவற்றை நடத்தத் தெரிந்த 31 பேரையும் தென் ஆஸ்திரேலியாவுக்கு வரவழைத்தார். ஒட்டகத்தை வாங்கினால் போதாது, அதன் மொழி தெரிந்த ஆளும் வேண்டும் என்பது அனுபவத்தில் தெரிந்திருந்தது. அடுத்த அரை நூற்றாண்டில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஒட்டகக்காரர்கள் வந்தார்கள். பெரும்பான்மையோர் முஸ்லிம்கள்.

அவர்களை மொத்தமாக 'ஆப்கான்' என்றே அழைத்தார்கள், அதையும் சுருக்கி 'கான்' என்றார்கள். உண்மையில் காந்தஹார்க்காரர்கள் மட்டுமல்ல, பலூசிஸ்தான், பெஷாவர், பஞ்சாப், சிந்து என்று பல பகுதிகளிலிருந்தும் வந்திருந்தார்கள். பஷ்தோ பேசியவரும் பலூச்சி பேசியவரும் பஞ்சாபி பேசியவரும் ஒரே பெயருக்குள் அடைபட்டார்கள். வில்லையின் பக்கத்தில் ஊரைப் பற்றி எழுதும்போது இந்த ஒரு விஷயத்தையாவது சரியாக எழுதுங்கள்.

மர்ரீயில் ரயிலிலிருந்து இறங்கிய மாவும் சர்க்கரையும் தேயிலையும், வேலிக் கம்பியும், இரும்புத் தகடும் ஒட்டகங்களின் முதுகில் ஏறின. வலுவான ஆண் ஒட்டகம் 400 முதல் 600 கிலோ வரை சுமக்கும். மூக்கில் முளையிட்டு, ஒன்றன்பின் ஒன்றாகக் கயிற்றில் கோத்து, எழுபது ஒட்டகங்கள் வரை ஒரே வரிசையாக நடந்தன. வாரக்கணக்கில் நடந்து பண்ணைகளில் சரக்கை இறக்கி, திரும்பும்போது கம்பளி மூட்டைகளை ஏற்றி வந்தார்கள். கண்டத்தின் குறுக்கே தந்திக் கம்பி போட்டபோதும், பின்னாளில் ரயில் பாதை போட்டபோதும் பொருள் சுமந்தவர்கள் இவர்கள்தாம்.

ஊருக்குள் ஒரு கோடு இருந்தது. ரயில் பாதைதான் அந்தக் கோடு. ஒரு பக்கம் வெள்ளையர், ஓட்டல், கடைகள். மறுபக்கம் ஒட்டகக்காரர்களும் பூர்வகுடிகளும். அந்த மறுபக்கத்துக்குக் கான் டவுன் என்று பெயர். அங்கே அவர்கள் பேரீச்சை மரங்களை நட்டார்கள், மண்ணால் ஒரு பள்ளிவாசல் கட்டினார்கள், முன்னால் ஒளூச் செய்ய ஒரு நீர்த்தொட்டி வைத்தார்கள். ஆஸ்திரேலியாவின் முதல் பள்ளிவாசல் அதுவே என்று பல நூல்கள் சொல்கின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை. அந்தப் பள்ளிவாசல் 1861இல் கட்டப்பட்டது என்று இணையத்தில் பல இடங்களில் காணலாம். 1882 என்பவர்களும் உண்டு. மர்ரீ என்னும் ஊருக்கு மனைகள் அளக்கப்பட்டதே 1883இல்தான். எல்டரின் ஒட்டகங்கள் வந்தது 1866இல். அதற்கும் ஐந்து ஆண்டு முன்னால், ஊரே இல்லாத இடத்தில் பள்ளிவாசல் எப்படி நின்றிருக்கும்? முதலாவது என்ற பெருமை ஆசையில் ஒருவர் எழுதியதை மற்றவர் நகலெடுத்திருக்கிறார் என்றே நமக்குப் படுகிறது. வில்லையில் '1861' என்று எழுதி அனுப்பினால், அந்தத் தவறும் நாடு நாடாகப் போகும். '1880களில்' என்று எழுதுவது பாதுகாப்பு. அடிலெய்டு நகரின் பள்ளிவாசலுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது 1888, 1889 ஆண்டுகளில் எழுந்தது, இன்றும் தொழுகை நடக்கிறது. அதன் நான்கு மினாராக்கள் 1903இல் சேர்ந்தவை. வயதாகி, உழைக்க முடியாமல், ஊர் திரும்பவும் வழியில்லாமல் போன ஒட்டகக்காரர்கள் பலர் கடைசிக் காலத்தை அந்தப் பள்ளியின் பக்கத்துக் குடில்களில் கழித்தார்கள்.

ஏன் வழியில்லை? 1901இல் வந்த குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் வெள்ளையர் அல்லாதவர் வருகையை அடைத்தது. 1903ஆம் ஆண்டுச் சட்டம் ஆசியர்களுக்குக் குடியுரிமை கிடைக்காமல் செய்தது. ஊரிலிருந்து மனைவியை அழைத்துவர முடியாது, ஒருமுறை போனால் திரும்பி வருவதும் நிச்சயமில்லை. சிலர் இங்கேயே பூர்வகுடிப் பெண்களையும் ஐரோப்பியப் பெண்களையும் மணந்து குடும்பம் ஆனார்கள். அவர்களின் பேரன் பேத்திகள் இன்றும் ஆஸ்திரேலியாவில் இருக்கிறார்கள், அந்தப் பெயர்களைத் தாங்கி.

மர்ரீயின் மனிதர்களில் ஒருவரை மட்டுமாவது பெயர் சொல்லி எழுத வேண்டும் என்றால், நாம் பேஜா தர்வேஷைச் சொல்வோம். பலூசிஸ்தானில் பிறந்தவர், பிரிட்டிஷ் இந்தியப் படையில் பணியாற்றியவர், 1890 வாக்கில் மேற்கு ஆஸ்திரேலியாவில் வந்திறங்கியவர். 1896இல் லாரன்ஸ் வெல்ஸ் தலைமையில் கிரேட் சாண்டி பாலைவனத்தைக் கடக்கக் கிளம்பிய கால்வர்ட் ஆய்வுக் குழுவில் ஒட்டகங்களுக்குப் பொறுப்பாளராகப் போனார். அந்தப் பயணத்தில் குழுவிலிருந்து பிரிந்து போன இரண்டு பேர் தாகத்தால் மாண்டார்கள். மற்றவர்கள் பிழைத்துக் கரை சேர்ந்ததில் பேஜாவின் ஒட்டகத் திறமைக்குப் பெரும் பங்கு உண்டு. ஒரு குன்றுக்கு அவர் பெயரை வைத்த வெல்ஸ், தன்னுடைய திசைகாட்டியையும் அவருக்குப் பரிசாகக் கொடுத்தார். பின்னர் மர்ரீயில் குடியேறிய பேஜா, அங்கே பேரீச்சை வளர்த்து, 1957இல் இறக்கும்வரை அந்த ஊர்க்காரராகவே இருந்தார். 1939இல் சிம்ப்சன் பாலைவனத்தைக் கடந்த மேடிகனின் பயணத்தில் ஒட்டகங்களை நடத்தியவர்களில் அவர் மகன் ஜாக் பேஜாவும் ஒருவர். செயற்கைக்கோளைக் கேட்டு வழி தேடும் விளையாட்டில், ஒரு திசைகாட்டியின் கதையைச் சுமந்து வில்லை போவது பொருத்தம்தானே.

லாரி வந்ததும் ஒட்டகத்தின் காலம் முடிந்தது. 1925இல் தென் ஆஸ்திரேலிய அரசு ஒட்டக அழிப்புச் சட்டம் என்றே பெயரிட்டு ஒரு சட்டம் போட்டது. பதிவு செய்யாத ஒட்டகங்களைச் சுடலாம் என்றது. பிள்ளை போல வளர்த்த விலங்கைச் சுடுவதற்குக் கொடுக்க மனமில்லாமல் பலர் பாலைவனத்தில் அவிழ்த்து விட்டார்கள். இன்று ஆஸ்திரேலியாவில் காட்டு விலங்காகத் திரியும் லட்சக்கணக்கான ஒட்டகங்கள் அவற்றின் வழி வந்தவையே.

மர்ரீக்கும் அதே கதிதான், கொஞ்சம் தாமதமாக. ஒட்டகக்காரர்களின் பெயரால் 'கான்' என்றே அழைக்கப்படும் ரயில் முன்பு மர்ரீ வழியாகத்தான் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போய்வந்தது. 1980இல் மேற்கே புதிய பாதை திறந்ததும் பழைய பாதை மூடப்பட்டது. பெயரைக் கொடுத்தவர்களின் ஊரில் இன்று அந்த ரயில் நிற்பதில்லை. நிலையத்தில் பழைய எஞ்சின்கள் மட்டும் வெயிலில் நிற்கின்றன. பேரீச்சை மரங்கள் சில மிஞ்சியிருக்கின்றன. பழைய பள்ளிவாசல் இல்லை. அதன் நினைவாக மண்ணும் கூரையுமாக ஒரு மாதிரி வடிவம் எழுப்பி வைத்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் ஜூலையில் ஒட்டகப் பந்தயம் நடக்கும்போது ஊர் ஒரு நாள் நிரம்புகிறது.

இனி வேலைக்கு வருவோம். வில்லையின் விலை சில டாலர்கள்தான். ஒரே குறியீட்டுடன் இரண்டு வில்லைகள் வரும். ஒன்று பயணத்துக்கு, மற்றது வீட்டில் வைத்துக்கொள்ள. வாங்கியதும் இணையத்தில் பதிவு செய்து, ஒரு பெயர் வைத்து, அதன் நோக்கத்தை எழுத வேண்டும். யார் எடுத்தாலும் முதலில் படிப்பது இதைத்தான். நார்வேயில் ஒரு மீனவர் படிக்கலாம், கனடாவில் ஒரு பள்ளி மாணவி படிக்கலாம். மர்ரீ என்ற பெயரையும் பேஜா என்ற பெயரையும் அவர்கள் வாழ்நாளில் சந்திக்கப் போவது இந்த ஒருமுறைதான். எனவே நீளமாக எழுதாதீர்கள். ஊர் எங்கே இருக்கிறது, அங்கே யார் வாழ்ந்தார்கள், ஏன் அவர்களை நினைக்கிறோம் என்பது நூறு சொற்களில் அடங்கும். பிள்ளைகளையே எழுத வையுங்கள், ஆண்டுகளை மட்டும் நீங்கள் சரிபாருங்கள்.

நோக்கம் என்று எதைக் கொடுக்கலாம்? 'மர்ரீக்குப் போய்ச் சேர வேண்டும்' என்று மட்டும் எழுதினால் வில்லை ஆண்டுக்கணக்கில் எங்காவது முடங்கும். வருடத்துக்கு எத்தனை பேர் அந்தத் தடத்தில் போகிறார்கள்? 'ஒட்டகம் நடந்த ஊர்களையும் வறண்ட நிலங்களையும் பார்க்க வேண்டும், முடிந்தால் தென் ஆஸ்திரேலியா பக்கம் போக வேண்டும்' என்று தளர்வாக எழுதினால், ஜோர்டானில் எடுத்தவரும் அரிசோனாவில் எடுத்தவரும் கூட ஏதாவது செய்ய முடியும். ஒவ்வொருவரும் தங்கள் ஊர்ப் பாலைவனத்தில் வில்லையை வைத்து ஒரு படம் எடுத்துப் போடும்படி கேளுங்கள். வரைபடத்தில் கோடு பார்ப்பதைவிடப் பிள்ளைகளுக்கு அந்தப் படங்கள்தான் பிடிக்கும்.

வில்லையோடு கோக்க, பேரீச்சங்கொட்டை ஒன்று அழகாக இருக்கும் என்று தோன்றும். வேண்டாம். விதை, மரப் பொருட்கள் விஷயத்தில் ஆஸ்திரேலிய விமான நிலையங்கள் மிகக் கண்டிப்பானவை. கொண்டுபோகும் அந்நியருக்கு நம்மால் தொல்லை வரக்கூடாது. சிறிய உலோக ஒட்டகமோ பிளாஸ்டிக் ஒட்டகமோ போதும். அத்தர் பூசி அனுப்பும் ஆசையும் வேண்டாம், வாசனைக்கு எலியும் நரியும் வந்து பெட்டியைக் கடித்துவிடும். பெட்டிகளில் தின்பண்டம் வைக்கக் கூடாது என்ற விதி இருப்பதும் அதனால்தான்.

பெட்டிகளைத் தேடிப் போவதற்கும் ஒழுங்கு உண்டு. தனியார் நிலத்தில் அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. மையவாடி, வழிபாட்டுத் தலம், பூர்வகுடிகளின் புனித இடங்கள், ரயில் பாதை ஓரம் ஆகியவற்றில் எதையும் ஒளிக்கவோ நோண்டவோ கூடாது. மர்ரீயின் மாதிரிப் பள்ளிவாசலுக்குள் வில்லையைச் செருகிவிட்டு வரலாமே என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். உண்மையிலேயே அந்தப் பக்கம் பயணம் போகிறவர்கள், தண்ணீரும் எரிபொருளும் மாற்றுச் சக்கரமும் இல்லாமல் மண் தடங்களில் இறங்கக் கூடாது. கைபேசிக்குச் சிக்னல் கிடைக்காத நீண்ட தூரங்கள் உண்டு. வண்டி பழுதானால் வண்டியை விட்டு நடக்கக் கூடாது என்பது அங்கே ஒவ்வொரு குழந்தைக்கும் சொல்லிக்கொடுக்கும் பாடம்.

தமிழ்நாட்டில் பெட்டிகள் குறைவு. சிங்கப்பூரில் நிறைய உண்டு, நம் குடும்பங்கள் பலவற்றுக்கு அங்கே உறவும் உண்டு. அங்கிருந்து அடிலெய்டு போகிறவர்களும் ஏராளம். ஆக, வில்லையை அங்கே ஒரு பெரிய பெட்டியில் போடுவது நல்ல தொடக்கம். பெட்டிகளில் விரல் நுனி அளவே உள்ளவையும் இருக்கின்றன, ஒட்டகம் அதில் நுழையாது. போடும் முன் பெட்டியின் அளவைப் பாருங்கள்.

வில்லைகள் காணாமல் போகும், அதையும் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விவரம் தெரியாமல் பொம்மை என்று எடுத்துப் போகிறவர்கள் உண்டு, பையில் போட்டு மறந்துவிடுகிறவர்களும் உண்டு. வெள்ளத்தில் பெட்டியே போய்விடுவதும் உண்டு. வீட்டில் இருக்கும் இரண்டாவது வில்லை அதற்காகத்தான். பல மாதம் தகவல் இல்லையென்றால் அதையே புதிய ஒட்டகத்தோடு கோத்து, அதே பக்கத்திலிருந்து மறுபடி அனுப்பலாம். வில்லையைப் படமெடுத்துக் குடும்பக் குழுமத்தில் போடும்போது குறியீட்டின் மேல் விரலை வைத்து மறைத்துக்கொள்ளுங்கள். அந்த எண் கிடைத்தால், வில்லையைத் தொடாதவர் கூடத் தொட்டதாகப் பதிவு செய்துவிட முடியும்.